ஏழாம் சதுரத்தில் காணாமற்போன வேப்பங்கன்றுகள்

மரம் எண்ணும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறார்கள், இதற்குப் பின்னால் வேறு ஏதும் இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மரத்தை எப்படி அளப்பது, கயிற்றை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கும். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. அளந்து முடித்த பிறகு நாம் என்ன நினைக்கிறோம் என்பது கையேட்டில் இல்லை. நான் பிழை விட்டது அங்கேதான்.

எண்பத்துமூன்றுக்கு அடுத்த வருஷம் நாட்கூலியாகச் சேர்ந்தேன். வடமராட்சிக் கிழக்கில், கடலுக்கும் தரவை வெளிக்கும் நடுவே உள்ள மணல்மேட்டில் வேலை. மணல் ஊருக்குள் வராமல் மறிக்க எப்போதோ நட்டுவிட்ட சவுக்கு மரங்கள் அங்கே நின்றன. அவற்றின் கீழே யாரும் நடாத மரங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. காகம் எச்சமிட்ட வேம்பு, வௌவால் போட்ட நாவல், மாடு சூப்பிப் போட்ட பனங்கொட்டையிலிருந்து வடலி. சவுக்கின் குஞ்சு மட்டும் தாய் மரத்தின் சருகுக்குள் முளைக்கவே இல்லை. சவுக்கு கிழடானால் இந்த மண் யாருக்கு? வேம்புக்கா, நாவலுக்கா, பனைக்கா? எது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது, எது எதைத் தள்ளிவிடுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதற்காகப் பன்னிரண்டு இடத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, சதுரம் பிரித்திருந்தோம். சதுரத்துக்குள் ஒவ்வொரு கன்றும் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி.

முதல் வருஷமே மாட்டிக்கொண்டேன். மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளக்கவேண்டும் என்றார்கள். அளந்தேன். கந்தோர் மேசையில் பழைய கணக்கோடு வைத்துப் பார்த்தால், ஒரு வருஷத்தில் அத்தனை மரமும் மெலிந்திருந்தன. பெரியவர், எங்கள் மேலதிகாரியை அப்படித்தான் சொல்வோம், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"என்ன செல்லத்துரை, மரங்களுக்கு வயித்தாலையடியோ?"

நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். யாரோ மரங்களை மாற்றி நட்டுவிட்டார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது. பெரிய சவுக்கை யார் பிடுங்கி மாற்றி நடுவது? பயந்தவனுக்கு அதுவும் நடக்கும்போலத்தான் தெரியும். கடைசியில் பார்த்தால், எனக்கு முன்னே அந்த வேலையைச் செய்தவர் கட்டையர். அவருடைய நெஞ்சு என்னுடைய வயிற்றுக்குத்தான் வரும். அவர் அடிமரத்தில் அளந்திருந்தார், நான் மேலே அளந்திருந்தேன்.

அன்றைக்கே பூவரசந்தடி ஒன்றை வெட்டி, சரியான உயரத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டேன். அந்த வெட்டின் உயரத்தில் ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்ரால் வளையம் கீறினேன். அதற்குப் பிறகு வளையத்தில் அளந்தால் போதும் என்பதால் தடி என் சைக்கிளில் சும்மா கட்டிக் கிடந்தது. இந்தத் தடியை நினைவில் வைத்திருங்கள்.

தொண்ணூறில் சண்டை தொடங்கித் தடை வந்த பிறகு மண்ணெண்ணெய் இல்லை. கிடைத்தாலும் அது விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக விடுகிற மருந்து. பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பெண்கள் சவுக்கஞ்சருகு அள்ள வரத் தொடங்கினார்கள். பெரியவர் அவர்களுக்கு அனுமதித் துண்டு எழுதிக் கொடுத்தார். கிழமையில் இரண்டு நாள் வரலாம், சருகு மட்டும் அள்ளலாம், சதுரக் கயிற்றைத் தாண்டக்கூடாது. துண்டு இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி திரேசம்மா. புருஷனுக்குக் கடலுக்குப் போக வழியில்லை. அவ இடியப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுத்துத்தான் மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றினா. சருகில்லாவிட்டால் அடுப்பில்லை, அடுப்பில்லாவிட்டால் வீட்டில் ஒன்றுமில்லை. என்னை எப்போதும் "அண்ணை" என்றுதான் கூப்பிடுவா. வாய்க்காரி. "அண்ணை, உந்தக் கண்டுகளை எண்ணி எண்ணி நீங்கள் தேஞ்சு போனியள், அதுகள் வளந்திட்டுது" என்பா. எனக்குச் சிரிப்பு வரும். என்னோடு பகிடி விடுகிறவர்களிடம் எனக்குச் சந்தேகமும் வரும்.

ஆனி மாதம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஏழாம் சதுரத்தில் கன்று எண்ணப் போனேன். மாசியில் முப்பத்தெட்டு வேப்பங்கன்று நின்ற இடம். பதினொன்றுதான் நின்றன. திரும்ப எண்ணினேன். பதினொன்று. கயிற்றைச் சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து எண்ணினேன். பதினொன்று. மற்றச் சதுரங்களில் ஒன்றிரண்டுதான் குறைந்திருந்தன. அத்தனையும் ஏழில் மட்டும் போயிருந்தன.

கயிற்றுக்கு உள்ளே, ஒரு மூலையில், சருகு வாரிய கோடு தெரிந்தது.

அன்று சருகு நாள். பெண்கள் சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். திரேசம்மாவின் சாக்கு வாயிலிருந்து வேப்பிலைக் கொத்து ஒன்று எட்டிப் பார்த்தது.

"திரேசம்மா, சாக்கை இறக்கும்."

"ஏனண்ணை?"

"இறக்கும். அவிழ்த்துக் கொட்டும்."

அவ என்னைப் பார்த்தா. மற்றப் பெண்கள் நின்றுவிட்டார்கள். சாக்கை அவிழ்த்து, சருகைக் கொட்டினா. அதற்குள் கையளவு வேப்பிலை.

"உதென்ன?"

"சின்னவளுக்குக் கொப்பளிப்பான் அண்ணை, உடம்பெல்லாம் கொப்புளம். ரோட்டுக்கரை மரத்திலை முறிச்சனான்."

"ரோட்டுக்கரையிலையோ, கயித்துக்குள்ளையோ?"

பின்னால் நின்ற ஒருத்தி சொன்னாள்: "அண்ணைக்கு ஆரும் அந்த வேப்பிலையை எடுத்து ரண்டு தரம் அடிச்சு விடுங்கோவன். ஏதோ பிடிச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். திரேசம்மா சிரிக்கவில்லை.

"கயித்துக்குள்ளை கால் வைச்சனீரோ, இல்லையோ?"

"வைச்சனான்," என்றா. "மூலையிலை சருகு குவிஞ்சு கிடந்தது. வாரினனான். கண்டிலை கை வைக்கேல்லை."

ஒன்றை ஒத்துக்கொண்டவள் மற்றதையும் செய்திருப்பாள். அப்போது என் மூளை அப்படித்தான் ஓடியது. கன்றைப் பிடுங்கினால் வேர் வரும், அந்தக் கொத்தில் இருந்தது முறித்த கிளை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் கொத்தைப் பார்த்தேன். வேரைத் தேடவில்லை.

அன்று பின்னேரம் பெரியவர் முன் நின்றேன். கணக்கைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"பல்கலைக்கழகத்துப் பிள்ளை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது? காவலுக்கு நிண்டவர் நித்திரை எண்டோ? உம்மடை பேரை வெட்டிப்போட்டு வேறை ஆளைப் போட எனக்கு எவ்வளவு நேரம் செல்லும் செல்லத்துரை? ஆர் செய்தது?"

"தெரியேல்லை ஐயா."

"தெரியேல்லை எண்டு எழுதேலாது. ஒரு பேர் சொல்லும்."

எனக்கு நிரந்தர வேலை இல்லை. அது உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், சாட்டாக அல்ல. "திரேசம்மா கயித்துக்குள்ளை போனவ" என்றேன். பிடுங்கினா என்று சொல்லவில்லை, போனவ என்றுதான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியவருக்கு அது போதும். அடுத்த சருகு நாளில் அவவின் துண்டை வாங்கி, அவவின் கண்முன்னே கிழித்தார். அவ வெற்றுச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனா.

அவர் ஏன் அவ்வளவு அவசரமாக ஒரு பெயரைக் கேட்டார் என்பது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பெற்றோல் என்ற சாமானை ஊரே மறந்திருந்த நாட்களில், அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு நாளும் நின்றதில்லை. அதையும் இதையும் சேர்த்து யோசித்தேன். பிறகு யோசித்ததற்காகப் பயந்தேன்.

துண்டு கிழிந்த மூன்றாம் நாள் மிஸ் வந்தா. பல்கலைக்கழகத்தில் மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த பிள்ளை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவ. நெல்லியடியிலிருந்து சைக்கிளில் வந்து, மணல் தொடங்கும் இடத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பா. விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்த்ததுபோல் சத்தம் போடவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

"ஆர் எடுத்ததெண்டதை விடுங்கோ அண்ணை. எது எது போனதெண்டு முதலிலை குறிப்பம்."

மாசியில் போட்ட புள்ளித்தாளை அவ கையில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாக இடம் சொன்னா. நான் போய்ப் பார்த்து, இருக்கு, இல்லை என்று கத்தினேன். இல்லாததற்கு அவ சிவப்பால், பெருக்கல் குறிபோல, புள்ளடி போட்டா. முடிந்ததும் தாளைப் பார்த்தேன். எனக்குச் சரியாகப் படவில்லை.

"மிஸ், நீங்கள் பிழையாய்ப் போட்டிட்டியள்."

"எங்கை?"

"புள்ளடி எல்லாம் ஒரே பக்கமாய் விழுந்திருக்கு."

அவ தாளைத் திருப்பிப் பார்த்தா. ஒவ்வொரு சவுக்கு மரத்துக்கும் வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் புள்ளடிகள். தென்மேற்குப் பக்கத்துக் கன்றுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. தலைமயிரைச் சீப்பால் ஒரு பக்கம் வாரிவிட்டதுபோல இருந்தது.

"திரும்ப ஒருக்காப் பாப்பம்," என்றேன்.

திரும்பப் பார்த்தோம். அதேதான். மூன்றாம் தரமும் கேட்டேன். மிஸ் சிரித்துவிட்டா.

"அண்ணை, என்னிலையும் சந்தேகமோ? சரி, என்னிலை சந்தேகப்படுங்கோ. ஆனால் எனக்கொண்டு சொல்லுங்கோ. வேப்பங்கண்டு களவெடுக்க வாற மனிசி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரே பக்கமாய் நிண்டு பிடுங்குவாவோ?"

மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கோ ஏதோ பிழை, ஆனால் எதுவென்று தெரியவில்லை. அப்போதுதான் வெள்ளை வளையங்கள் கண்ணில் பட்டன. அவை கொஞ்சம் பணிந்து நிற்பதுபோல இருந்தன. நெஞ்சு உயரப் பிழைக்குப் பிறகு அந்த வளையம் ஒன்றைத்தான் நான் இந்த உலகத்தில் முழுதாய் நம்பியிருந்தேன். சைக்கிளுக்கு ஓடிப்போய்த் தடியை அவிழ்த்து வந்தேன்.

தென்மேற்குப் பக்கத்தில் தடியை ஊன்றினேன். வெட்டும் வளையமும் ஒரே மட்டம். அதே மரத்தின் வடகிழக்குப் பக்கத்தில் ஊன்றினேன். வெட்டு வளையத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது.

மரம் தாழாது. நிலம் எழும்பியிருந்தது.

முழந்தாளிட்டுக் கையால் மணலை வாரினேன். சோளகம் கொண்டுவந்த மணல், ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் நாக்குப்போல நீண்டு படுத்திருந்தது. அதற்கு மேலே புதுச்சருகு விழுந்து மூடியிருந்தபடியால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு விரல் ஆழத்தில் ஒரு குருத்துத் தட்டுப்பட்டது. வெளிறி, மஞ்சளாகி, ஆனால் நிமிர்ந்தபடி. பிறகு இன்னொன்று. மிஸ்ஸும் குந்தி வாரத் தொடங்கினா. இருபத்தேழும் அங்கேயே நின்றன. ஒன்றைக்கூட யாரும் பிடுங்கவில்லை.

நான் அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். மிஸ் ஏதோ சொன்னா. எனக்குக் கேட்டது, சாக்கு மடிக்கிற சத்தம்தான்.

"ஏழிலை மட்டும் ஏனண்ணை?" என்று மிஸ் திரும்பக் கேட்டா.

காற்று வரும் திசையில் நடந்தோம். சதுரத்துக்கு வெளியே, தென்மேற்கு ஓரத்தில், காற்றை மறித்து நின்ற சவுக்கு வரிசை இருக்கவேண்டும். அங்கே வரிசை இல்லை, பதினாலு அடிக்கட்டைகள் இருந்தன. வெட்டுவாயில் மணல் அள்ளிப் பூசி, சருகு போட்டு மூடியிருந்தது. மண்ணில் வண்டில் சில்லுத் தடம். கோடரியோடு வந்தவன் திருடன் என்றால் தறித்துப்போட்டு ஓடுவான். கட்டையை மூடிவிட்டுப் போக அவனுக்கு நேரம் இராது. இது நேரம் எடுத்துச் செய்த வேலை. அந்த வழியால் வண்டில் வரவேண்டுமென்றால் படலையைத் திறக்கவேண்டும். படலைக் காவலுக்குத் துண்டு காட்டவேண்டும்.

மிஸ் என்னைப் பார்த்தா. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். துண்டு எழுதுகிற கை ஒன்றுதான்.

அடுத்தநாள் காலையிலேயே கந்தோருக்குப் போனேன். மிஸ்ஸும் வந்தா.

"ஐயா, கண்டு களவு போகேல்லை. மணல் மூடினது. திரேசம்மாவின்ரை துண்டைத் திருப்பிக் குடுக்கவேணும்."

"மணல் உங்கை எப்பவும் வாறதுதானே. ஏன் இந்த முறை மட்டும்?"

"காத்து மறிக்கிற வரிசை இல்லை ஐயா. பதினாலு கட்டை நிக்குது."

அவர் பேனையை மேசையில் வைத்தார். நான் நன்றாகப் பயந்துவிட்டேன். நான் தொல்லைக்காரனில்லை, எதையும் கிண்டுகிறவனில்லை என்று அவருக்குத் தெரியவேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

"அந்த வண்டில்காரருக்கு ஆர் துண்டு குடுத்ததெண்டு நான் படலையிலை விசாரிக்கேல்லை ஐயா. விசாரிக்கவும் மாட்டன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அது மிரட்டல் இல்லை. பயத்தில் வந்த வார்த்தை. ஆனால் அவர் அதை எப்படி எடுத்தார் என்பது அவருடைய காதுமடல் சிவந்ததில் தெரிந்தது. என்னை நெடுநேரம் பார்த்தார். அத்தனை வருஷத்தில் என்னை அவர் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"செல்லத்துரை, உம்மை நான் அப்பாவி எண்டெல்லோ நினைச்சனான்."

மேசை லாச்சியைத் திறந்து புதுத்துண்டு ஒன்றை எழுதினார். நீட்டும்போது விரலை எடுக்கவில்லை.

"அறிக்கையிலை மணல் எண்டு மட்டும் எழுதும். கட்டை சதுரத்துக்கு வெளியிலைதானே. வரைபடத்துக்கு அது தேவையில்லை."

மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தா. நான் முந்திக்கொண்டு "ஓம் ஐயா" என்றேன். துண்டு என் கைக்கு வந்தது.

வெளியே வந்ததும் மிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தா. பிறகு சொன்னா: "கட்டைக்கொரு வட்டமாய்ப் பதினாலு வட்டம் அண்ணை. பென்சிலாலை போட்டிருக்கலாம்."

"போட்டிருந்தால் துண்டு வந்திராது மிஸ்."

"தெரியும். அதாலைதான் நானும் வாயை மூடினனான்."

நான் செய்தது சரியா என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு தாளில் பொய் எழுதாமல் உண்மையில் பாதியை விட்டேன். அதற்கு ஒரு அடுப்பு எரிந்தது. இதே நிலை உங்களுக்கு வந்தால் என்னைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் பயந்தவன். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். தோண்டி எடுத்த வேப்பங்கன்றுகள் பிழைக்கவில்லை. மாரி பெய்தபோது அந்த மணல் நாக்குகளில் எழும்பியது வடலி. மணல் மூட மூட மேலே வரத் தெரிந்தது அது ஒன்றுதான். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தச் சவுக்கு வரிசை எங்கே நின்றது, எப்போது போனது என்று பனைகள் நிற்கிற ஒழுங்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தாளில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னே நிலத்தைச் சந்தேகப்படுங்கள், அதற்கு நோகாது.

துண்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரேசம்மா வாசலில் நின்று வாங்கினா. அடுப்படியில் புகை இல்லை. கன்றுகள் மணலுக்குள் இருந்ததைச் சொன்னேன். என் பிழை என்று சொன்னேன். அவ துண்டைப் பார்த்தா, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தா.

"இதுவும் கிழியுமோ?"

"இல்லை. இனி இல்லை."

"சரி," என்றா. உள்ளே போய்விட்டா.

அடுத்த சருகு நாளில் வந்தா. தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்து, சவுக்கும் சதுரமும் கயிறும் விறகாகிப் போகும்வரை, ஒரு சருகு நாளும் தவறவில்லை. ஆனால் அன்றிலிருந்து, வெளியே போகும்போதெல்லாம், மற்றப் பெண்கள் நேரே நடக்க, அவ மட்டும் நான் நிற்கும் இடத்துக்கு விலகி வருவா. தலையிலிருந்து சாக்கை இறக்குவா. வாயை அவிழ்த்து, சருகு முழுவதையும் என் காலடியில் கொட்டி, வெற்றுச் சாக்கை உள்ளே வெளியே திருப்பி உதறிக் காட்டுவா.

"வேண்டாம் திரேசம்மா. நான் கேக்கேல்லையே."

"பாருங்கோ ஐயா," என்பா. அண்ணை என்று அவ அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. "வடிவாய்ப் பாருங்கோ."

நான் பார்த்து முடிக்கும்வரை நிற்பா. பிறகு குந்தியிருந்து, ஒவ்வொரு பிடியாக, அத்தனை சருகையும் திரும்பச் சாக்குக்குள் அள்ளுவா.